தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கீ... என்று ஒரு சத்தம். ஊசியைக் காதுக்குள் விட்டு மெதுவாகத் திருகினால் எப்படி இருக்கும், அப்படி. இருட்டிய பிறகுதான் கேட்கும். பகலில் கேட்காது. எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் ஆரம்பித்தது அண்ணா. அதைக் கேட்டுவிட்டு நீங்கள் உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

டிரில்லிங் மெஷினைக் கீழே வையுங்கள். அது ஓடிவிடாது. நானும் ஓடிவிட மாட்டேன். துரைசாமி மாமா உங்களிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "தம்பி பொண்டாட்டிக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லீங்க நாச்சிமுத்து. புள்ளையத் தூக்கிட்டு இருட்டுல ரோட்டுக்குப் போயிடறா. கதவுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுத்துடுங்க." சரிதானே? ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம். தலையைக் குனிய வேண்டாம். உங்கள்மேல் எனக்கு என்ன கோபம்? வேலைக்குக் கூப்பிட்டார், வந்திருக்கிறீர்கள். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இங்கே உட்கார்ந்தால் கேட் தெரியும். யாராவது வந்தால் எனக்குச் சொல்லுங்கள். பயம் எல்லாம் இல்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து லேத் பட்டறையை மூடுகிற வரைக்கும் இருங்கள், அது போதும். அந்தக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் நிரூபிக்க முடியாது. அவர்கள் ஷட்டரை இறக்கின பிறகு உங்களுக்கு ஒன்று செய்து காட்டுகிறேன். அதைப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் பெயர் சுகந்தி. இது தாரணி. ஒன்றரை வயது ஆகப்போகிறது. தாரணி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். உங்கள் மீசையைப் பார்க்கிறாள். என் வீட்டுக்காரர் மனோகர் மஸ்கட்டில் இருக்கிறார், சைட் இன்ஜினியர். துரைசாமி மாமா அவருக்கு அண்ணன். அடுத்த தெருவில்தான் வீடு. இந்த வீடும் அவர் பெயரில்தான் இருக்கிறது, அதனால் நினைத்தபோது வருவார். தட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தோளால் ஒரு தள்ளு, கதவு திறந்துவிடும், உள்ளே நிற்பார். நான் தலை துவட்டிக்கொண்டிருப்பேன், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்கு வந்து, "மோட்டார் போட்டியா?" என்று கேட்பார்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் கிளம்பிப் போன பிறகு நான் டைப் அடிக்கிற வேலை எடுத்தேன். ஒரு டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள். அவருடைய கம்ப்யூட்டர் அந்த உள் அறையில் சும்மாதானே கிடக்கிறது என்று. பழைய மெஷின், போட்டுவிட்டு வந்து ஒரு குழம்பு தாளித்து இறக்கினால்தான் தயாராகும். அப்படிப் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தால் காதில் கீ... என்று. முதலில் கொசு என்று நினைத்தேன். அப்புறம் குக்கர் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தேன், நிற்கவில்லை. அப்போது தாரணி, இந்த வாண்டு, தரையில் உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டிருந்தவள், தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்து வாயைக் குவித்து, "கீ..." என்றாள்.

அண்ணா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் ஒரு நிம்மதியும் வந்தது, பாருங்கள். எனக்கு மட்டும் கேட்கவில்லை. இவளுக்கும் கேட்கிறது.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். சில நாள் வரும், சில நாள் வராது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கான்வென்டில் எங்களுக்கு ஃபிசிக்ஸ் லேபில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மண்டையில் ஏற்றினார்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டு என்ன ஆகிறதென்று பார். மாமா இன்றைக்கும் அதைத்தான் கேலி செய்வார். "கான்வென்ட்டுல படிச்ச புள்ள, சத்தத்துக்கும் இங்கிலீசுல காரணம் சொல்லும்."

முதலில் சத்தம் வெளியேயிருந்து வருகிறதா, உள்ளேயிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனேன். அங்கே கேட்கவில்லை. ஆனால் கரண்ட் கம்பத்தில் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம். கம்பத்தில் காதை வைத்தேன். இரும்புக் கம்பம், காதை வைத்தால் உள்ளே கடல் மாதிரி இரையும். அது வேறு சத்தம், என் சத்தம் இல்லை. சரி, கம்பம் இல்லை என்று ஆனது. திரும்பினால் தெருமுனையில் புல்லட்டை நிறுத்திக்கொண்டு மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா பண்றே?"

"கம்பத்துல சத்தம் வருதான்னு பாக்கறேன் மாமா."

"கம்பத்துலயா?"

"இல்ல மாமா, கம்பத்துல வரல. அதான் பாத்துட்டேன்."

இதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது, சொல்லுங்கள். கம்பத்தில் சத்தம் கேட்கிறது என்று நான் சொல்லவே இல்லை. கேட்கவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் தெரு முழுக்க என்ன பரவியது தெரியுமா? மனோகர் பொண்டாட்டி குழந்தையோடு போய்க் கம்பத்தோடு பேசுகிறாள்.

சிரிக்கலாம், பரவாயில்லை. நானே சிரித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

அது யார் வண்டி? பார்த்துச் சொல்லுங்கள். பால்காரரா? சரி.

வெளியே இல்லையென்றால் உள்ளே. உள்ளே என்றால் கரண்டா, வேறு ஏதாவதா? மெயின் சுவிட்சை இறக்கினேன். சத்தம் நின்றது. அப்படியானால் கரண்டில் ஓடுகிற ஏதோ ஒன்று. இருட்டில் இவளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து எதை அணைத்துப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து மாமா வந்து தோளால் தள்ளியிருக்கிறார். திறக்கவில்லை. "சுகந்தி! சுகந்தி!" என்று கத்துகிறார். நான் இருட்டில் தடவித் தடவி, இவளையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாமா? கொஞ்சம் நேரமாகிவிட்டது. திறந்தேன். டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.

"ஊரெல்லாம் கரண்ட் இருக்குது, நீ இருட்டுல உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்தே?"

"சத்தத்தைத் தேடிட்டு இருந்தேன் மாமா."

அவர் திருப்புளி எங்கே என்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன் அண்ணா. என் கையால். எதற்கென்று கேட்கக்கூட இல்லை. உள் தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ புள்ளையோட உள்ள தாப்பாப் போட்டுட்டு ஏதாவது பண்ணிக்கிட்டா நான் தம்பிக்கு என்ன பதில் சொல்றது?" அந்த நாலு ஓட்டையைப் பாருங்கள், கதவில். அதுதான். அதில் சோப்பை அடைத்து வைத்திருக்கிறேன், எறும்பு வருகிறது என்று.

அன்றையிலிருந்து இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ராத்திரி கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். பயத்தில் இல்லை. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும், அதற்காக.

கண்டுபிடித்தேனா இல்லையா என்று கேளுங்கள். கண்டுபிடித்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன், ஃபேனை அணைத்தேன், டியூப்லைட்டை அணைத்தேன். ஒவ்வொன்றாக. கடைசியில் கம்ப்யூட்டர். அணைத்ததும் நின்றது. போட்டதும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கிட்டே உட்கார்ந்தால் அதன் ஃபேன் இரைச்சலில் இந்தச் சத்தம் அமுங்கிவிடுகிறது. அடுப்படிக்கு வந்தால்தான் தனியாகக் கேட்கிறது. பகலில் பட்டறை இரைச்சல் அமுக்கிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

வீட்டுக்காரருடைய திருப்புளியை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பேப்பரைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து இன்னொரு முனையை உள்ளே ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். இவளும் ஒரு பேப்பரைச் சுருட்டி என் காதில் வைத்தாள். அப்போதுதான் பிடிபட்டது. மெமரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கார்டு.

இதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நீங்கள்தான் அதைத் திருப்பப்போகிறீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறீர்களா? இது கம்ப்யூட்டர் மெமரிக்கு அந்த மாதிரி. மெமரி என்பது சீப்பு மாதிரி நீளமாக ஒரு பச்சை அட்டை. அதற்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டுமோ அதை மதர்போர்டே அளந்து கொடுத்துவிடும். எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது போதும். எங்கள் வீட்டுக்காரருக்குப் போதாது. அவருக்கு எதிலும் வேகம் வேண்டும். மெமரியை வேகமாக ஓட்ட இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாக விற்கிற கார்டு இது. மெமரி செருகுகிற இடத்தில் ஒன்று காலியாக இருக்கும் இல்லையா, அதில் இதைச் செருகிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து மாட்டியிருக்கிறார். மேலே ஒரு சின்னத் திருகு. பக்கத்தில் சிவப்பு எண் ஓடும். திருகினால் எண் ஏறும். மதர்போர்டு கொடுக்கிற அளவுக்குக் கீழே மட்டும் அதனால் இறங்க முடியாது. அது ஏற்றி விடுவதற்கென்றே பிறந்தது.

உடனே பிடுங்கிப் பார்த்தேன். சும்மா இல்லை, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். கார்டை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டால் திரை வரவில்லை, பீப்... பீப்... என்று நீளமாக அலறுகிறது. இவளும் கூடவே அலறுகிறாள். போச்சு, கெடுத்துவிட்டோம் என்று வியர்த்துவிட்டது. பிறகு பார்த்தால், கார்டை இழுத்தபோது பக்கத்து மெமரியும் அரை நூல் அளவு மேலே கிளம்பியிருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன், கிளிப் 'டக்'கென்று விழுந்தது. திரை வந்தது. சத்தம் இல்லை. கிளிக் கிளிக் என்று டைப் அடித்தேன், ஒரு தடவைகூட மெஷின் உறையவில்லை. அதற்கு முன்பு நாலு கேள்வி அடிப்பதற்குள் உறைந்துவிடும், அடித்ததெல்லாம் போய்விடும்.

ஆனால் ஒரு தடவை நின்றால் போதுமா? திருப்பிப் போட்டு, திருப்பி வருகிறதா என்று பார்த்தால்தானே நிச்சயம்? மறுபடி செருகினேன். அங்கே ஒரு தப்பு பண்ணினேன். அந்தக் கார்டைச் செருகுவதற்கு முன்னால் திருகை முழுக்க இறக்கி வைக்க வேண்டுமாம். அது தெரியாமல் நான் திருகிப் பார்த்துவிட்டு, ஏறினபடியே செருகிவிட்டேன். எண் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. கார்டின் வெள்ளித் தகட்டைத் தொட்டேன், தோசைக்கல். இதோ விரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது. அணைத்து, ஆற விட்டு, திருகை முழுக்க இறக்கி, மறுபடி போட்டேன். வந்தது. சத்தம் இல்லை. மெதுவாக ஏற்றினேன். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒரு இடம் வந்ததும், கீ... இறக்கினேன், நின்றது. ஏற்றினேன், கீ... இறக்கினேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன் அண்ணா. சந்தோஷத்தில். கண்டுபிடித்துவிட்டேன் இல்லையா?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரர் போன் பண்ணுகிற நாள். சொன்னேன். சிரிக்கிறார். "ஓ, அதுவா சுகி? அது கார்டுல இருக்கற காயில், கம்பிச் சுருள், கத்தறது. வாங்கின நாள்ல இருந்தே அப்படித்தான். நான் பாட்டுப் போட்டுடுவேன், தெரியாது." அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. "அதை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்னைப் பைத்தியம்னு நெனச்சிட்டு இருக்கார்" என்றேன். "சொல்றேன் சொல்றேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டேன். "ஐயோ, மறந்துட்டேன் பாரு." அதற்கடுத்த வாரம், "அண்ணன் சொல்றபடி கொஞ்சம் அனுசரிச்சுப் போ சுகி, அவர் உன் நல்லதுக்குத்தான் பண்றார்." பாவம், அங்கே வெயிலில் நின்று வேலை பார்க்கிறார். ஆயிரம் ஞாபகம் இருக்கும். என்மேல் அவருக்கு உயிர், அதில் சந்தேகமே இல்லை.

என்ன, உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிறது? டீயில் சர்க்கரை அதிகமா?

நானே மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாயங்காலம் வந்தார், அக்காவும் கூட வந்தார், மாமாவுடைய சம்சாரம். கம்ப்யூட்டரைப் போட்டேன். திருகை ஏற்றினேன். எனக்கு ஃபேன் இரைச்சலையும் மீறிக் காதைக் கிழிக்கிறது. "இப்ப கேக்குதுங்களா மாமா?" என்றேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "என்ன கேக்குது? ஃபேன் சுத்துது." அக்காவும் இல்லை என்று தலையாட்டினார்.

மாமா நூல் மில்லில், ஸ்பின்னிங்கில், வயசு முழுக்க நின்றவர். அவர் வீட்டு டிவி எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். அவருக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? வயசானாலே மெல்லிசான சத்தம் காதுக்குள் போகாதாம், மில்லில் நின்ற காதுக்குக் கேட்கவே வேண்டாம். அதைச் சொன்னேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாமா, உங்க காதுதான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"என் காதுக்கு என்னடி?" என்றார். டி போட்டுப் பேசினது அன்றைக்குத்தான் முதல் தடவை. "உலகத்துல யாருக்கும் கேக்காத சத்தம் ஒருத்திக்கு மட்டும் கேட்டா அதுக்குப் பேரு என்ன? என் காதா?"

அந்த நேரம் பார்த்துத் தாரணி வாயைக் குவித்து, "கீ..." என்றாள்.

எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று குதித்தேன். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" மாமா என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். "புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துட்டா." அக்கா குழந்தையை என் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். திருப்பித் தர மனசே இல்லை அவருக்கு.

அதற்கப்புறம்தான் மாத்திரை. தெரிந்த டாக்டராம், என்னைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்திருக்கிறார். போட்டால் தூக்கமாக வருகிறது, குழந்தை அழுதால் எழுந்திருக்க முடியாது. அதனால் மாமா முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, அவர் போனதும் வாஷ்பேசினில் துப்பிவிடுகிறேன். இப்போது வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். தாரணியை மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். "உனக்குச் சரியாகற வரைக்கும்தான்." நடைவண்டிகூட வாங்கி வைத்துவிட்டார்கள். மரத்தில், நீங்கள் செய்ததா அது? இல்லையா? நல்லது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நான் இவளைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போய்விடக் கூடாது. அதற்குத்தான் இந்த வெளித் தாழ்ப்பாள். ராத்திரி அவர் வந்து வெளியே போட்டுவிட்டுப் போவார், காலையில் வந்து திறப்பார். புரிகிறதா? உள்ளே அடுப்பு பற்றிக்கொண்டால்? குழந்தைக்கு இழுப்பு வந்தால்? ஜன்னல் கம்பி வழியாக இவளை வெளியே தர முடியுமா, நீங்களே சொல்லுங்கள், நீங்கள் கதவு ஜன்னல் வேலை பார்க்கிறவர்.

நீங்கள் ஒன்று கேட்க நினைக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. திருகை இறக்கினால் சத்தம் நின்றுவிடும் என்றாயே, இறக்கித் தொலைத்துவிட்டுச் சும்மா இருக்கலாமே என்றுதானே?

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சத்தம் நின்றுவிட்டது என்று நான் சொன்னால் மாமா என்ன சொல்வார்? மாத்திரை வேலை செய்கிறது என்பார். சத்தம் என்று ஒன்று இருக்கவே இல்லை, அவள் தலைக்குள் இருந்தது, இப்போது போய்விட்டது, மாத்திரையைக் கூட்டிக் கொடு என்பார். அப்புறம் காலத்துக்கும் நான் பைத்தியமாக இருந்து சரியானவள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சத்தம். அதனால் வேண்டுமென்றே ஏற்றி வைத்திருக்கிறேன். தினமும் அது கத்துகிறது, தினமும் தலை வலிக்கிறது, மெஷின் உறைகிறது. கத்தட்டும். ஒரு சரியான காது வருகிற வரைக்கும் கத்தட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஷட்டர் இறங்குகிறது, கேட்டீர்களா? பட்டறை மூடிவிட்டார்கள். வாருங்கள், உள் அறைக்கு. செருப்போடு வரலாம்.

இதோ. போட்டுவிட்டேன். கொஞ்சம் பொறுங்கள், திரை வரட்டும். ஃபேனுக்குக் கொஞ்சம் தள்ளிக் காதை வையுங்கள். வருகிறதா?

இல்லையா?

நன்றாகக் கேளுங்கள். கீ... இல்லையா?

சரி. சரி, பரவாயில்லை. இழைப்பு மெஷினில் வேலை பார்க்கிற காது. நான்தான் யோசித்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் இருங்கள். பையை எடுக்காதீர்கள்.

காது வேண்டாம். உங்களுக்குக் கண் இருக்கிறதே, அது போதும். உங்கள் சின்னத் திருப்புளியை எடுங்கள். அந்தச் சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் திருகு தெரிகிறதா? அதுதான். வெள்ளித் தகட்டில் கை படாமல், சுடும். வலப்பக்கம் திருப்பினால் ஏறும், இடப்பக்கம் இறங்கும். இப்போது இருப்பதற்கு மேலே ஏற்றாதீர்கள். நான் இவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் சுவரைப் பார்த்து நிற்கிறேன். உங்கள் கை எனக்குத் தெரியாது, எண் எனக்குத் தெரியாது. நீங்கள் இஷ்டத்துக்குத் திருப்புங்கள். இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன். சரியா? ஆரம்பியுங்கள்.

இருக்கிறது.

இப்போது இல்லை.

இல்லை. இன்னும் இல்லை. ஆங், வந்துவிட்டது. இருக்கிறது.

இல்லை.

இருக்கிறது. தாரணியே சொல்லிவிட்டாள், கேட்டீர்களா, எனக்கு முன்னாலேயே?

இருக்கிறது. ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இன்னும் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை அண்ணா. திருப்புளியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறீர்கள், இல்லையா?

திரும்பலாமா?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள். "திருப்பற மாதிரி பண்ணினேனுங்க, திருப்பலீங்க." ஆமாம். அதைத்தான் நானும் சொன்னேன். நீங்கள் கெட்டிக்காரர். மாமாவுக்கு இந்த யோசனை வந்திருந்தால் நான் இந்த மாதமெல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இல்லை, அழவில்லை. நீங்கள் உட்காருங்கள். உங்கள் முகம்தான் வெளுத்துப்போயிருக்கிறது.

என்ன? சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். மாமா உங்களிடம் என்ன சொன்னார்? "தம்பியும் போட்டுடச் சொல்லிட்டான்"னா?

வெளியே தாழ்ப்பாள் போடச் சொல்லி அவரும் சொன்னாரா?

அங்கே சைட்டில் ஒரே இரைச்சலாக இருக்கும் அண்ணா. அண்ணன் என்ன கேட்டாரோ, இவர் என்ன புரிந்துகொண்டாரோ. சரி என்று சொல்லியிருப்பார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார். சத்தம் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்டபோதும் சரி என்றுதான் சொன்னார்.

சரி என்றுதான் சொன்னார்.

இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், தாரணியை. மீசையை இழுப்பாள், விடாதீர்கள். நான் அந்தத் திருகை இறக்கிவிடுகிறேன். முழுக்க. பிளக்கையும் எடுத்துவிட்டு அந்தக் கார்டையே கழற்றிவிடுகிறேன். இனிமேல் எனக்கு அது வேண்டாம், ஏன் நின்றது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள். எனக்காக யாரிடமும் வந்து பேச வேண்டாம், உங்களுக்கு ஏன் வம்பு? உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தால் போதும். இதோ, வந்துவிட்டது. இத்தனை வேலை பண்ணியது இவ்வளவுதான் பாருங்கள், உள்ளங்கை அகலம்கூட இல்லை. இதைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன். அவர் ஊருக்கு வரும்போது அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

கேட்கிறீர்களா? ஒன்றும் இல்லை. எவ்வளவு அமைதி. உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரியும். தாரணிக்கும் தெரியும்.

இப்போது உங்கள் முடிவு. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

உள்பக்கம்தானே. அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

மாமா வாங்கிக் கொடுத்த அதே தாழ்ப்பாளைப் போடுங்கள், நல்ல கனமாகத்தான் வாங்கியிருக்கிறார். என்னை உள்ளே வைக்க வாங்கினது இல்லையா, மட்டமாக வாங்குவாரா? பழைய ஓட்டைகள் மேலேயே வையுங்கள், மூடிக்கொள்ளும். சோப்பைச் சுரண்டிவிட்டு இந்தத் தீக்குச்சியை ஒடித்து அடைத்துவிட்டு முடுக்கினால் பிடிக்கும் இல்லையா? எனக்கு ஏன் தெரியாது? மாமா கழற்றியபோது பார்த்தேன், பழையதிலும் தீக்குச்சிதான் இருந்தது. கதவு நிலையிலும் ஆழமாகப் போடுங்கள். அவர் தோளால் தள்ளுகிறவர், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்டால், "எந்தப் பக்கம்னு வீட்டுல இருக்கறவங்களைக் கேட்டேன், சொன்ன பக்கம் போட்டேன்" என்று சொல்லுங்கள். பொய் இல்லையே?

இன்னும் ஒரு முடுக்கு. இன்னும் ஒன்று. ஆங்.

அதோ வருகிறது. உங்களுக்கும் கேட்கிறது இல்லையா, இந்தச் சத்தம்? இது யாருக்கும் கேட்கும். புல்லட். தெருமுனையில் திரும்பிவிட்டார். குழந்தையைக் கொடுங்கள். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொள்ளுங்கள். அவசரப்படாமல் போங்கள், நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. கதவைச் சாத்தினதும் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள், தோளால், நன்றாக.

என்ன கேட்டீர்கள்? "உங்க வீட்டுக்காரரு ஊர்ல இருந்து வந்தா?"

அவரும் தட்டட்டும் அண்ணா. யார் என்று கேட்பேன். கேட்டுவிட்டுத் திறப்பதா வேண்டாமா என்று யோசிப்பேன்.

தாரணி, கையை எடு கண்ணு, விரல் மாட்டிக்கும். பார், அம்மா எப்படிப் போடறேன்னு பார். இப்படி இழுத்து, இப்படித் தள்ளி.

போட்டாச்சு.